இரண்டடி எட்டு அங்குல உயரத்தில்

…அப்படியானால் சுவரில் ஓதமும் இல்லை, பிறகு இது என்னதான், என்று உரித்த பிளாஸ்டிக் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் ஒச்சப்பன். சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, அறைப் பக்கத்தில் மட்டும் மெல்லிய வியர்வை பூத்திருந்தது, அது வண்டிச்சோலையில் எல்லா வீட்டிலும் எல்லாப் பொருளின் மேலும் காலையில் பூப்பதுதான். இந்தச் சோதனை பொய் சொல்லாது. சந்தேகப்படும் இடத்தில் ஒரு முழம் தாளை வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, முதல் நாள் சாயங்காலம் விட்டுவிட வேண்டும், மறுநாள் காலையில் தாளுக்கு உள்ளே நீர் நின்றால் சுவர் குடித்த தண்ணீர் வெளியே வருகிறது, வெளியே நின்றால் அது அறைக்காற்றின் ஈரம், சுவர்மேல் குற்றமில்லை… முப்பது வருஷமாக எத்தனையோ பங்களாக்காரர்களுக்குச் செய்துகாட்டிய சோதனை, இன்று சொந்த வீட்டுச் சுவர் குற்றமற்றதென்று சொல்கிறது, ஆனால் கோடு அங்கேயே இருக்கிறது. படுக்கையறைக் கதவில் தொடங்கி, ஹால் சுவர் முழுக்க ஓடி, சமையலறை வாசல்வரை போகும் ஒரு மங்கலான பளபளப்பு, நாலு விரற்கடை அகலம், நேரே நின்றால் தெரியாது, பக்கவாட்டில் தலையைச் சாய்த்தால் நத்தை ஊர்ந்த தடம்போலத் தெரியும். மூன்று தடவை அடித்தாயிற்று. மூலையிலிருந்து மூலைவரை, ரோலர் காயாமல், ஒரே மூச்சில். பத்து நாள் சும்மா இருக்கும், பிறகு மெல்ல வந்துவிடும். பதினொரு மணிக்கு லோயிஸ் அம்மா வருகிறார், தன் ஹோம்ஸ்டேயின் எட்டு அறைக்கும் இந்த நிறம் சரிப்படுமா என்று இந்தச் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார், வந்து நின்று தலையைச் சாய்த்தாரானால்… சாய்ப்பார், அவர் எதையும் சாய்த்துத்தான் பார்ப்பார்.

கரி நிறம் என்றால் கறுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள், கறுப்பே இல்லை, கறுப்பை அப்படியே அடித்தால் சுவர் செத்துப்போகும், இதில் ஒரு சொட்டு நீலமும் அரைச் சொட்டுப் பழுப்பும் இருக்கிறது, அதனால்தான் காலையில் மேகம்போலவும் விளக்குப் போட்டதும் அடுப்புச் சாம்பலின் சூடுபோலவும் தெரிகிறது. கோத்தகிரியில் ஒரு வீட்டுக்கு முதன்முதலாக இதை அடித்தபோது அவருக்கே நம்பிக்கை இல்லை, மலையில் ஏற்கெனவே பாதி நாள் இருட்டு, இதில் சுவரையும் இருட்டாக்குவதா என்று முனகிக்கொண்டே அடித்தார், அடித்து முடித்து ஏணியிலிருந்து இறங்கித் திரும்பினால் ஜன்னலில் நின்ற பனி அத்தனை வெள்ளையாக, யாரோ உள்ளேயிருந்து விளக்கேற்றி வைத்ததுபோல… அப்போதுதான் புரிந்தது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை வாங்கி அறை முழுக்க இறைத்துவிடுகிறது, அப்போது எதுவும் தனியாகத் தெரிவதில்லை, கரிச்சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிட்டு எது வெள்ளையோ அதை மட்டும் முன்னே தள்ளுகிறது. இன்னொன்றும் உண்டு, மூலைகள் மறைந்துவிடும். ஒரு சுவர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, பத்துக்குப் பன்னிரண்டு அறை எங்கேயோ நீண்டு போவதுபோலத் தெரியும், சின்ன வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? மீந்த பெயிண்டை அந்த வீட்டுக்காரர் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிறன்று சுவரைத் தயார்செய்து, திங்கள் பகலில் நிறம் அடித்து முடித்து, தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்த மனைவி சசிகலா வந்ததும் கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, இப்போ தொற என்றார். அவள் திறந்தாள். நின்ற இடத்திலேயே கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அழகில் திகைத்துவிட்டாள் என்று நினைத்தார். பிறகு, “நல்லாருக்குங்க,” என்றாள், “மெத்துனு இருக்குது.” மெத்தென்று. எத்தனை சரியான சொல் என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

சரி, விட்டதிலிருந்து யோசி. ஓதம் இல்லை. உப்புப் பூத்திருக்குமா? பின்சுவருக்கு அந்தப்பக்கம் மண்மேடு, மழை முழுக்க அதில்தான் இறங்குகிறது, செங்கல்லில் இருக்கும் உப்பு தண்ணீரோடு வந்து, தண்ணீர் காய்ந்த பிறகு மேலே தங்கிவிடும், கரி நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். குனிந்து விரலை எச்சில் தொட்டுக் கோட்டின்மேல் தேய்த்து நாக்கில் வைத்தார். பெயிண்ட் ருசி, வேறில்லை. சந்தேகம் தீராமல் நேரடியாகவே நாக்கை…

“ஏனுங்க, தோசை ஆறுது, அங்க போயிச் சுவத்த நக்கீட்டு நிக்கறீங்க!”

சமையலறை வாசலில் சசிகலா, கையில் கரண்டியோடு, சுவரை நக்கும் புருஷனை ஆறு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள்போல.

“உப்பு இருக்கான்னு பாக்குறேன் சசி.”

“அதுல பத்தலீன்னா நேத்தைய கொழம்பு மிச்சம் இருக்குது, ரெண்டு தடவ போட்டிருக்கேன்.”

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். உண்மைதான், நேற்றுக் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை, போன வாரமும் ஒருநாள் அப்படித்தான்… அது கிடக்கட்டும், கோட்டுக்கு வா. பெயிண்டுக்கு முன் சுவரில் பூசும் பட்டியைச் சரியாகத் தேய்க்காமல் விட்டால் அந்த இடம் பெயிண்டை வேறு மாதிரி குடிக்கும், ஆனால் பட்டி பார்த்தது அவரே, உப்புத்தாள் போட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, குழந்தை கன்னம்போல் ஆனபிறகுதான் பிரைமர் வைத்தார். இன்னொன்றுதான் அவரை முதலிலிருந்தே ஏமாற்றியது. ஹாலும் சமையலறைப் பக்கமும் ஒரே தளத்தில் இல்லை, நடுவே ஒரு படி, ஐந்து அங்குலம் இறங்கும், கோடும் சரியாக அங்கே ஐந்து அங்குலம் இறங்கியிருந்தது. தரை இறங்கினால் கோடும் இறங்குகிறது என்றால் தரையிலிருந்து ஏறும் ஈரம்தான் என்று அவர் இத்தனை நாளும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார், ஈரம் தரையிலிருந்து ஒரே உயரம்தான் ஏறும், தரை இறங்கினால் அதுவும் இறங்கும், பாடம்போலச் சரியாக இருந்தது. பாடம் சரி. ஆனால் தாள் காய்ந்து கிடக்கிறதே. தரையைப் பார்த்துக்கொண்டே போகும் வேறு ஏதாவது ஒன்று இருக்கிறதா, தரை இறங்கும் இடத்தில் தானும் இறங்குகிற ஒன்று?

தோசையை நின்றபடியே தின்றுகொண்டிருக்கையில் போன் வந்தது, லோயிஸ் அம்மா. “ஒச்சப்பன், இங்க பனி அப்படியே படுத்துட்டு இருக்கு, கேட்டே தெரியல எனக்கு. பன்னெண்டுக்கு மேல வரட்டா? சுவர் எங்கயும் ஓடிடாதே?” “எங்கீங்கம்மா ஓடுது, மெதுவா வாங்க,” என்றார். இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்ததில் அவருக்கு நெஞ்சு லேசானது. ஜன்னலுக்கு வெளியிலும் பனிதான், எதிரே தேயிலைச் சரிவு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. டார்ச்சை எடுத்து வந்தார். மேட் பெயிண்ட் ஏன் மங்கலாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவர் ஒரு தாம்பாளமும் கொஞ்சம் ரவையும் கொண்டுவரச் சொல்வார், தாம்பாளம் பளபளக்கும், மேலே ரவையைப் பரப்பினால் பளபளப்பு போய்விடும், ஏனென்றால் ஒவ்வொரு குருணையும் வெளிச்சத்தை ஒவ்வொரு திசையில் தள்ளிவிடுகிறது, மேட் பெயிண்ட் என்பது காய்ந்து நிற்கும் ரவைதான், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டப் படுக்கவைத்து அடித்தால் அந்த மேடு பள்ளத்தின் நிழல் விழும், எங்கே மேடு அமுங்கியிருக்கிறதோ அங்கே நிழல் விழாது. அமுங்கியிருக்கிறதோ… அவர் கை நின்றது. அமுங்குவதற்கு ஏதாவது தேய்க்க வேண்டுமே. ஒரு தடவை தேய்த்தால் போதாது, தினமும், பல தடவை, மெதுவாக. ஈரத்தையும் உப்பையும் பட்டியையும் தேடினேனே, சுவருக்குள் இருந்து என்ன வருகிறது என்றே தேடினேனே, வெளியிலிருந்து என்ன வருகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா? டார்ச்சைப் படுக்கவைத்தார். கோடு ஒரு கோடாக இல்லை. நாலு மெல்லிய கோடுகள், பக்கம் பக்கமாக, நடுவிலிருக்கும் இரண்டும் அழுத்தமாக, கடைசிக் கோடு சில இடங்களில் அறுந்து அறுந்து.

விரல்கள்.

இது விளங்கியதும் முதலில் வந்தது நிம்மதிதான், வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை, பெயிண்ட் தப்பில்லை, கை தப்பில்லை, மூன்று மாதத்துக் கணக்கு நேரானது. வெளிர் நிறத்திலும் இந்தத் தேய்மானம் இருக்கும், ஆனால் அங்கே சுற்றியுள்ள வெளிச்சத்தில் அது கரைந்துபோகும், கரியில்தான் காட்டிக்கொடுக்கும், லோயிஸ் அம்மாவுக்கு இதையே ரவை வைத்துச் சொல்லிவிடலாம், கையே படாத சுவருக்கு மேட், கை படுகிற இடத்துக்கு வழவழப்பு… என்று போய்க்கொண்டே இருந்த மனம் திடீரென்று திரும்பி, யாருடைய விரல், என்று கேட்டது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். மகன் கமலேஷ் திருப்பூரிலிருந்து தீபாவளிக்கு வந்ததோடு சரி, அப்போது சுவர் கிரீம் நிறம். கையைச் சும்மா தொங்கவிட்டு முன்னால் லேசாக நீட்டிப் பார்த்தார், அவர் விரல் கோட்டுக்கு நாலு அங்குலம் மேலே நின்றது. டேப்பை வைத்தார், தரையிலிருந்து இரண்டடி எட்டு அங்குலம். படிக்குக் கீழே நின்று அளந்தார், அங்கேயும் இரண்டடி எட்டு. கோடு தரையைப் பின்தொடரவில்லை. தரையில் நடந்துபோகிற ஒருத்தியைப் பின்தொடர்ந்திருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எதற்கு நடக்க வேண்டும்? முழங்கால் வலியா? மலை ஏறி இறங்கி முதுகில் கூடையோடு முப்பது வருஷம்… ஆனால் வலிக்கிறவர்கள் சுவரில் உள்ளங்கையை ஊன்றுவார்கள், பாரம் போடுவார்கள், இது ஊன்றிய கை இல்லை, விரல் நுனி மட்டும், பூனை மீசையால் தொடுவதுபோல. இது பாரம் போடுகிற கை இல்லை. வழி கேட்கிற கை. அவர் அங்கேயே, படியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மார்ச்சிலிருந்து அவளைக் கொழுந்தெடுக்கும் வேலையிலிருந்து களை எடுக்க மாற்றிவிட்டார்கள், ஏன் என்று கேட்டதற்கு, மேஸ்திரி சொன்னாருங்க, ஆள் பத்தலையாம் என்றாள், ஆள் பத்தாத தோட்டத்தில் யாராவது நல்ல கொழுந்துக்காரியைக் களைக்கு அனுப்புவார்களா, ஏன் இதைக் கேட்கவில்லை நான்? கூடையில் முற்றின இலை அதிகம் என்று ஒருநாள் திருப்பி அனுப்பியதாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனில் படம் காட்டினால், நீங்களே சொல்லுங்க என்ன போட்டிருக்குதுன்னு, என்பாள். செல்லம் என்று நினைத்தேன். குழம்பில் இரண்டு தடவை உப்பு. பிறகு அந்தத் துணி… கடவுளே, அந்தத் துணி. சமையலறைக் கதவுத் தாழ்ப்பாளில் பழைய வேட்டியின் கிழிசல் ஒன்றை வெள்ளையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், கரிச்சுவரின் பக்கத்தில் அது கண்ணை உறுத்தியது, அவர் அவிழ்த்துப் போட்டார். மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தார். மூன்றாவது தடவை, “கைத்துணிய மாட்ட வேற எடமே இல்லியா, அத்தன பாடுபட்டு அடிச்சிருக்கேன்,” என்று சத்தம் போட்டார், அவள், “இல்லீங்க, மறந்துட்டேன்,” என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு கட்டவில்லை. அந்த வாரத்தில்தான் கோடு முதலில் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு எழுந்து நின்றார். நடந்து பார்த்தால்தான் தெரியும். கை தானாகவே சுவருக்குப் போயிற்று, குளிர்ந்த, லேசாகச் சொரசொரத்த சுவர், மெத்தென்றுதான் இருக்கிறது, அவள் அன்று சொன்னது நிறத்தை இல்லையோ… மூடியது போதவில்லை, அவளுக்கு முழு இருட்டாக இருக்காது, முகம் தெரிகிறது, என்னைத் தெரிகிறது, நக்கியது தெரிந்ததே. கண்ணைத் திறந்து பாதி இமையைத் தாழ்த்தினார். இந்த ஹாலுக்கு ஒரே ஜன்னல், அதற்கும் வெளியே பனி. படி எங்கே என்று தெரியவில்லை. சுவர் எங்கே முடிகிறது, கதவு எங்கே என்று தெரியவில்லை. மூலைகள் மறைந்துவிட்டன. சின்ன வீடு எங்கேயோ நீண்டு போய்க்கொண்டே இருந்தது… இதைத்தானே நான் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன், அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளே.

“டீ குடிக்கறீங்களா?” என்று குரல் வந்தது, அவர் பதில் சொல்லுமுன்பே அவள் வந்துகொண்டிருந்தாள். அவர் அசையாமல் நின்று பார்த்தார், முதல் தடவையாகப் பார்த்தார். இடது கையில் கப். வலது கை சுவரில். படி வருமுன் அரை அடியில் விரல் கொஞ்சம் அழுந்துகிறது, கால் எண்ணி ஏறுகிறது, முகம் இயல்பாக நேரே பார்த்துக்கொண்டிருக்கிறது, பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கப் வெள்ளை. இரண்டு மாதம் முன்பு குன்னூர் மார்க்கெட்டில் அவள் கேட்டு வாங்கிய வெள்ளைப் பீங்கான், எவர்சில்வர் தம்ளர் வேண்டாம் என்றாள், கரிச்சுவருக்கு வெள்ளைக் கப் என்று இவளுக்கும் ரசனை வந்துவிட்டதே என்று அவர் பூரித்துப் போனார். எவர்சில்வரில் டீ எங்கே நிற்கிறது என்று தெரியாது, எல்லாம் ஒரே மினுக்கம். வெள்ளையில் டீயின் விளிம்பு கோடு போட்டதுபோலத் தெரியும். சிந்தாமல் ஊற்ற அவள் கண்டுபிடித்த வழி. தாழ்ப்பாளில் வெள்ளைத் துணி, அவள் கண்டுபிடித்த வழி. கரிக்குப் பக்கத்தில் வெள்ளை முன்னே வரும் என்று முப்பது வருஷப் பெயிண்டர் கோத்தகிரியில் ஏணியிறங்கி நின்று கண்டதை, இவள் தன் சமையலறையில், யாரிடமும் சொல்லாமல்… ஏன் சொல்லவில்லை? பயமா? தோட்டத்து வேலை போய்விடும் என்றா? அல்லது, நல்லாருக்குங்க என்று ஒருதடவை சொல்லிவிட்ட பிறகு அந்தச் சுவரைப் பற்றி வேறு எதையும் சொல்ல மனம் வரவில்லையா? கேட்கலாம். என்னவென்று கேட்பது, உனக்குக் கண் தெரியவில்லையா என்றா? அப்படிக் கேட்டால் இல்லீங்க என்றுதான் வரும், அது அவளுக்குச் சட்டென்று வந்துவிடும்.

கப்பை வாங்கிக்கொண்டார். அவள் கை சுவருக்குத் திரும்பவில்லை, அவர் பார்க்கிறார் என்று தெரிந்து புடவையைப் பிடித்துக்கொண்டது. டீ சரியான சூட்டில் இருந்தது. குடித்துக்கொண்டே யோசித்தார்… சுவரை மறுபடி கிரீம் ஆக்கலாம், ஆக்கினால் வெளிச்சம் பரவும், ஆனால் வெள்ளைத் துணியும் வெள்ளைக் கப்பும் கிரீமில் கரைந்துபோகும், அவள் சம்பாதித்து வைத்திருக்கிற அடையாளங்கள் எல்லாம் போய்விடும். கரி இருக்கட்டும். கரி தப்பு செய்யவில்லை, பாதி வேலையோடு நிறுத்தியது நான்தான். வாசல் பக்கத்தில் கூரைக்கு வாங்கி மீந்த ரீப்பர் கட்டைகள் கிடக்கின்றன, இழைத்தால் கைக்கு அடக்கமாக வரும். எனாமல் பெயிண்ட் வழவழப்பானது, அதில் அமுங்குவதற்கு மேடு பள்ளமே கிடையாது, ஆயிரம் தடவை தடவினாலும் அப்படியே இருக்கும்… ஆனால் இந்தக் கோடு சுவர் கரியானதால் வந்ததா, இல்லை முன்பே இருந்து கரியில்தான் எனக்குத் தெரிந்ததா? கிரீம் சுவரிலும் இந்த விரல் போய்க்கொண்டிருந்திருந்தால்? எத்தனை வருஷமாக? அது அவருக்குத் தெரியவில்லை, எந்த டார்ச்சை எப்படிப் படுக்கவைத்தாலும் இனித் தெரியாது, அவள் சொன்னால் உண்டு.

“சசி, இந்த டேப்ப ஒரு முனை புடி.”

அவள் கை காற்றில் ஒரு நொடி தேடியது. அவர் முனையை அவள் விரலுக்குள் வைத்து மூடினார், தன் கையை உடனே எடுக்கவில்லை.

“எதுக்குங்க?”

“இந்தச் சுவத்துல ஒரு கைப்பிடி வெக்கலாம்னு. வெள்ளையா. உனக்கு எந்த உயரம் தோதா இருக்கும்?”

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. அவள் இல்லீங்க என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், பிறகு புடவையை விட்டுவிட்டு, வலது கையை மெதுவாக எடுத்து, பார்க்காமலே, கோட்டின்மேல் சரியாக வைத்தாள்.

“லோயிஸ் அம்மா வந்தா அசிங்கமா இருக்காதுங்களா?”

“அவங்க ஊட்டுக்கும் இதையே வெக்கச் சொல்றேன்.”

“போங்க,” என்றாள், கை அங்கேயே இருந்தது. டாக்டர் என்ற சொல்லை இன்னும் இருவரும் எடுக்கவில்லை, இன்றைக்குள் யாராவது ஒருவர் எடுத்தாக வேண்டும். அவர் சாக்பீஸால் அவள் விரல்களின் ஓரமாக ஒரு சின்னக் கோடு கிழித்தார். படுக்கையறைக் கதவிலிருந்து சமையலறை வரைக்கும் இழைத்த ரீப்பர், தரையிலிருந்து இரண்டடி எட்டு அங்குலத்தில், வெள்ளை எனாமல் இரண்டு கோட், படி வரும் இடத்தில் கட்டையும் ஐந்து அங்குலம் இறங்க வேண்டும், படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு அதே வெள்ளை, தாழ்ப்பாளில் அந்தத் துணி.